மேட்டூர் போகிறவர்கள் பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள்

சேலத்துக்காரர்களுக்கு மேட்டூர் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் ஊர். ஓமலூர், மேச்சேரி வழியாகப் பேருந்தில் போய், அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டு, பூங்காவில் பிள்ளைகளை ஊஞ்சலில் விட்டு, பொரித்த மீன் சாப்பிட்டு வீடு வந்து சேர்வோம். நாற்பது வருடமாக நானும் அப்படித்தான் போய் வந்தேன். 2024-இல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு முறை போன பிறகுதான், இத்தனை நாளும் அணையைப் பார்க்காமலே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

முதலில் பூங்கா. அணைக்கு அடியில் நல்ல நிழல், பெரிய மரங்கள், புல்தரை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அரை நாள் போவதே தெரியாது. முனியப்பன் கோயில் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் கிடா வெட்டி, அடுப்பு மூட்டி, சொந்தபந்தத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் கூட்டம். எனக்கு அந்தப் புகையும் சத்தமும் பிடிக்கும். ஆனால் பூங்காவில் நின்றால் அணைச் சுவர்தான் தெரியும், தேங்கிய தண்ணீர் தெரியாது. அதற்குப் பவள விழா கோபுரத்தில் ஏற வேண்டும். மேலிருந்து ஒரு பக்கம் கடல் மாதிரி தண்ணீர், மறுபக்கம் ஊரும் ஆறும். 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடித்த சுவர் இது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரி டெல்டா விவசாயிகள் வழக்கமாக மதகு திறக்கிற ஜூன் 12-ஐ எதிர்பார்த்துக் காத்திருப்பது இந்தத் தண்ணீருக்குத்தான்.

மீன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் கிடைக்கும். மீனை நாமே எடுத்து, எடை போட்டுக் கொடுத்தால் கண் முன்னால் மசாலா தடவிப் பொரித்துத் தருகிற கடைகள் உண்டு. அங்கேயே சாப்பிடுங்கள். மே மாதம் போனபோது, ஏற்கெனவே மசாலா தடவித் தட்டில் அடுக்கி வைத்திருந்த ஒரு கடையில் அவசரத்துக்கு வாங்கினோம். சதை மாவாக உதிர்ந்தது, என் மகள் ஒரு துண்டுக்கு மேல் தொடவில்லை. அடுத்த தடவை உயிரோடு துள்ளிய ஜிலேபியாகப் பார்த்து எடுத்தோம். மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை, அவ்வளவுதான் மசாலா. முள்ளைக்கூட மென்றோம்.

இனி நான் சொல்ல வந்தது பண்ணவாடி. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் போக வேண்டும். அங்கே நுழைவுச் சீட்டு கிடையாது, ஊஞ்சல் கிடையாது, நிழலும் கிடையாது. பரிசல் துறை ஒன்று இருக்கிறது. எதிர்க்கரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரை. சுற்றிப் போகிற தூரத்தை மிச்சப்படுத்த, சந்தைக்குப் போகிறவர்களும் வண்டியோடு வருகிறவர்களும் தினமும் தண்ணீரைக் கடக்கிறார்கள்.

அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயி, பிறந்த ஊர் இந்த நீர்ப்பிடிப்புக்குள் போய்விட்டது. மாட்டையும் குதிரையும் (நெல் கொட்டும் குதிர்தான்) ஏற்றிக்கொண்டு ஊரே கிளம்பியபோது அம்மாயிக்குப் பன்னிரண்டு வயது. சாகும்வரை, "எங்கூரு தண்ணிக்குள்ள இருக்குது" என்றுதான் சொல்லும், அழிந்துபோனது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மே மாதம் நாங்கள் போனபோது நீர்மட்டம் 50 அடி அளவில் இருந்தது. அணைத் தண்ணீரில் மூழ்கிப்போன ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி முழுசாக வெளியே தெரிந்தது. பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் அப்படித்தான். 79 அடிக்குக் கீழே போனால் கோபுரம், 70-க்குக் கீழே நந்தி என்று அந்தப் பக்கத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெடித்த வண்டல் மேல் நடந்தே போனோம். தண்ணீர் வடிந்த நிலத்தில் சோளம் விதைத்திருந்தார்கள். அம்மா நந்தியின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அந்த வருடம் ஜூன் 12-இல் மதகு திறக்கவில்லை, அவ்வளவு தண்ணீர் பஞ்சம். ஆனால் ஜூலை 30-ஆம் தேதி அணை நிரம்பி 120 அடியைத் தொட்டது. ஆவணியில் அம்மாவே, "மறுபடி போலாம்" என்றார். நாங்கள் நடந்த இடமெல்லாம் தண்ணீர். அதே ஊர்தானா என்று மகள் கேட்டாள். முதலில் வந்த பரிசல்காரரிடம் உயிர்காப்பு உடுப்பு இல்லை, ஏறவில்லை. நீங்களும் ஏறாதீர்கள், இங்கே ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து வந்தவரிடம் எல்லோருக்கும் இருந்தது, மகளுக்கு அவரே வாரை இறுக்கிக் கட்டிவிட்டார். பாதித் தூரத்தில் துடுப்பை நிறுத்தி, "ஆத்தா, நந்தி இதுக்கு அடியிலதான்" என்றார். அம்மா புடவை முந்தியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துத் தண்ணீரில் விட்டார். வீட்டிலிருந்தே முடிந்துகொண்டு வந்திருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியாது.

போகிறவர்களுக்கு: நீர்மட்டம் தினசரிகளில் வருகிறது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குடை, தொப்பி, குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும், வெயில் நேரத்தில் வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். காலையில் முதலில் பண்ணவாடி, வெயில் ஏறிய பிறகு மேட்டூர் பூங்கா, மதியம் மீன் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நாங்கள் இரண்டாவது தடவை அப்படித்தான் போனோம், ஆறு மணிக்கெல்லாம் சேலம் வந்துவிட்டோம்.