கைமாறிய நிறுவனம், இளைத்துப்போன படகு

படகு கட்டும் நிறுவனம் ஒன்றை ஒரு பெருநிறுவனம் விலைக்கு வாங்குவதற்கு முன்பும் பின்பும் அதன் ஒரே தொழிற்கூடத்தில் கட்டப்பட்ட இரண்டு மோட்டார் படகுகளைப் பயன்படுத்தியவன் என்பதால், இம்மதிப்பீட்டை ஒப்பிட்டே எழுதுகிறேன். பழைய படகில் கயிறு கட்டும் கொம்புகள், தளத்தை ஊடுருவிய போல்ட்டுகளால், அடியில் உலோகத் தகடு வைத்து இறுக்கப்பட்டிருந்தன. புதியதில் அவை கண்ணாடியிழைப் பரப்பில் வெறும் திருகாணிகளால் நிற்கின்றன, அலையில் படகு இழுபடும்போது முதலில் தளர்வதும் அவையே. மின் இணைப்புகளில் வெள்ளீயம் பூசாத செம்புக் கம்பியே உள்ளது. உப்புக்காற்றில் அது விரைவில் பச்சை பூத்துவிடும். கைப்பிடிகளில் முதல் பருவத்திலேயே துருக்கறை படிந்தது.

இருக்கைகளின் தையல் மட்டும் முன்னைவிட நேர்த்தி. கண்காட்சியில் கண்ணில் படுவது அதுதானே.

எஞ்சினில் குறையில்லை. ஆனால் அதைத் தாங்கும் பின்பலகையில் இட்ட துளைகளின் விளிம்புகளுக்கு அடைப்புப்பசை பூசாமல் விட்டதால், உள்ளிருக்கும் ஒட்டுப்பலகை ஈரத்தை உறிஞ்சி மென்மையாகத் தொடங்கியிருக்கிறது. மேற்பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல்களைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க இயலாது. உத்தரவாதத்தின்கீழ் சரிசெய்யக் கேட்டபோது, பயன்பாட்டால் வந்த தேய்மானம் என்று ஒரே வரியில் பதில் வந்தது.