கீட்டோகொனசோல் 2% ஷாம்பு: பொடுகுக்கும் தேமலுக்கும் வாங்கலாமா?

பொடுகுக்கென்று விற்கும் பாட்டில்களில் கொடுத்த காசுக்கு வேலை செய்வது இது. தேய்த்த கையோடு அலசிவிட்டு ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்பவர்கள்தான் இதன் பெயரைக் கெடுக்கிறார்கள்.

மலாசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தலையிலும் உண்டு. தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்று ஓலிக் அமிலம் போன்றவற்றை விட்டுவைக்கும். அது ஒத்துக்கொள்ளாத தலை அரித்து, செதிலாக உதிரும். இமிடசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து வகையைச் சேர்ந்த கீட்டோகொனசோல், பூஞ்சையின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலை உருவாகவிடாது. சவ்வு பலவீனமாகிப் பூஞ்சை ஒடுங்கும்.

எண்ணெய் வைத்த தலையில் நேராக ஊற்றாதீர்கள். முதலில் சாதாரண ஷாம்புவால் எண்ணெயை எடுத்துவிட்டு, ஈரத்தலையில் 5 மில்லி, நீளக் கூந்தலென்றால் 10 மில்லி. முடியில் அல்ல, வகிடு பிரித்து மண்டைத்தோலில் படத் தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் விட்டு அலச வேண்டும். போர் தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும். அதற்காக இன்னும் ஊற்ற வேண்டாம். வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம். 100 மில்லி பாட்டில் ஒரு சுற்றுக்குப் போதும். அடங்கியதும் நிறுத்தினால் பொடுகு திரும்பும், ஆகவே 1 அல்லது 2 வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். இடையில் இரவெல்லாம் எண்ணெய் ஊறவிடுவது பூஞ்சைக்குச் சோறு போடுவதுதான்.

தேமலுக்கும் இதே பாட்டில் போதும் என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் மலாசீசியாவின் வேலைதான். ஈர உடம்பில் தேமல் உள்ள இடத்தோடு சுற்றிலும் பூசி, 5 நிமிடம் கழித்துக் கழுவ வேண்டும். தினம் ஒருமுறை, அதிகபட்சம் 5 நாள். பிறகும் வெளிர் திட்டு தெரியும். பூஞ்சை போனாலும் தோல் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். கீறிப் பார்த்து மாவு போல உதிராவிட்டால் பெரும்பாலும் மருந்து வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். நிறம் வரவில்லையே என்று திரும்பத் திரும்பப் பூசுவது வீண்.

குறைகள்: முடி வறண்டு சொரசொரப்பாகும், நரைத்த முடியிலும் சாயம் போட்ட முடியிலும் நிறம் மாறலாம், கண்ணில் பட்டால் எரியும். தோல் வழியாக ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு என்பதால் ஷாம்புவுக்குப் பயப்பட வேண்டாம். மாத்திரை சங்கதி வேறு. கடுமையான கல்லீரல் பாதிப்பு காரணமாக, தோல், நக நோய்களுக்கு அதைத் தர வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-ல் எச்சரித்தது. கடைக்காரர் மாத்திரையும் சேர்த்து நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சளாக ஒட்டும் பொடுகுக்கு இது கச்சிதம். வெறும் வறட்சியில் உதிரும் தூளுக்கு இது தேவையில்லை. 4 வாரமாகியும் அடங்காமல், தடித்த வெள்ளிச் செதில் நெற்றி ஓரம் வரை இறங்கினால் சொரியாசிஸாக இருக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்தாலும் அப்படியே: அது படர்தாமரையாக இருந்தால், பூஞ்சை முடிக்குள்ளேயே இருப்பதால் ஷாம்பு மட்டும் போதாது, மருத்துவர் தரும் உள்மருந்து வேண்டும்.