துளையெழுத்து முத்திரை: தனியாகவா, துண்டாகவா, முழு உறையாகவா, பற்றுச்சீட்டோடா?

என் அல்பத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து இலங்கை முத்திரைகள் மூன்று அருகருகே இருக்கின்றன. மூன்றிலும் ஊசித்துளையால் ஒரே எழுத்து. எந்தக் கொம்பனியின் எழுத்து என்று முப்பது வருடமாகத் தெரியவில்லை. மாமா தந்த பழைய உறைக்கட்டைப் பள்ளிக்காலத்தில் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறவைத்து, முத்திரையைக் கழற்றிவிட்டு உறைகளை எறிந்தது நான்தான். கொம்பனியின் பெயர் அந்த உறைகளில்தான் இருந்திருக்கும். புதிதாக இதைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் எந்த வடிவத்தில் சேர்ப்பது என்று கேட்டால், அந்தக் கிண்ணத்தை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

வரலாறு இரண்டு வரிதான். கந்தோர் முத்திரைகளை ஊழியர்கள் எடுத்துப்போய் விற்றுவிடுவார்கள் என்ற பயத்தில், அவற்றில் தங்கள் முதலெழுத்துகளைத் துளையிட்டு வைக்கும் வழக்கம் வந்தது. ஜோசப் ஸ்லோப்பர் என்பவரின் இயந்திரத்துக்குப் பிரித்தானியத் தபால் துறை 1868இல் இடம் கொடுத்தது. பிறகு குடியேற்ற நாடுகளின் வங்கிகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் அது பரவியது. சேகரிப்பாளர்கள் இவற்றைப் பேர்ஃபின் என்பார்கள்.

தனி முத்திரை மலிவு. பலர் ஓட்டை விழுந்தது என்று ஒதுக்கிவைப்பதால், பழைய பெட்டிகளில் கிளறினால் கையில் அகப்படும். அளப்பதற்கும் இதைவிட வசதி கிடையாது. ஆனால் எழுத்தை வைத்துக் கொம்பனியைச் சொல்லப் போனால் அது ஊமை. கொழும்பின் வணிகப் பகுதியான கோட்டையில் டபிள்யூவில் தொடங்கிய பெரிய கொம்பனிப் பெயர்களை மட்டும் பாருங்கள்: வாக்கர் சன்ஸ், விட்டல், வைட்டவே லெய்ட்லோ. இதோடு முடிவதில்லை. தாளை எந்தப் பக்கமாகவும் இயந்திரத்துக்குள் கொடுத்திருக்கலாம், மடித்தும் கொடுத்திருக்கலாம். அதனால் ஒரே எழுத்து நேராக, தலைகீழாக, பக்கவாட்டில், கண்ணாடிப் பிம்பமாக என்று எட்டு நிலைகளில் வரும். ஒற்றை டபிள்யூ தலைகீழானால் எம் போலத் தெரியும். உடனே மேர்கண்டைல் பாங்க் வரை யோசிக்க வேண்டியதாகிவிடும். என், எஸ் போன்ற எழுத்துகள் இருந்தால் நல்ல காலம்: அவை பிம்பமாகத் திரும்பியதைக் கண் உடனே பிடித்துவிடும்.

முழு உறைதான் உயர்ந்தது என்பார்கள். அனுப்பியவர் பெயர் மூலையிலோ பின்மடிப்பிலோ அச்சாகியிருந்தால் நானும் அதை ஒத்துக்கொள்வேன். பெயர் இல்லாத வெற்று உறைக்கு அவ்வளவு காசு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்த உறையென்றால், முத்திரையும் அந்த நாட்டினுடையது, எழுத்தும் அங்குள்ள கொம்பனியினுடையது.

உறையிலிருந்து வெட்டிய துண்டு நடுவழி. பெயர் போய்விடும், ஆனால் தபால் சீல் முழுதாக இருக்கும். கொழும்பா, கண்டியா, எந்த வருடம் என்பது தெரிந்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகும். இன்னொரு நன்மையும் உண்டு. சீல் அடித்தபோது துளைகளின் வழியே மை இறங்கி, அடியிலுள்ள தாளில் சிறு புள்ளிகளாகப் படிந்திருக்கலாம். அப்படிப் படிந்திருந்தால் அந்தத் துளை தபாலில் போகுமுன்பே இருந்தது. பிற்காலத்தில் விலை ஏற்றுவதற்காகக் குத்தியது அல்ல. ஊறவைத்த முத்திரையில் இந்தச் சாட்சி போய்விடும்.

ஆனால் என் தெரிவு உறையும் அல்ல, துண்டும் அல்ல, பற்றுச்சீட்டு. முத்திரை சேர்ப்பவர்கள் இதை ஏன் இவ்வளவு குறைவாகத் தேடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ‘போஸ்டேஜ் அன்ட் ரெவனியூ’ என்று அச்சிட்ட முத்திரைகள் கடிதத்துக்கும் பயன்பட்டன, பணம் பெற்றதற்கான சீட்டுக்கும் பயன்பட்டன. சீட்டில் முத்திரை ஒட்டிக் குறுக்கே கையெழுத்திட்டவர் பணத்தைப் பெற்றவர். துளையிட்ட முத்திரையும் அவருடைய மேசையிலிருந்துதான் வந்திருக்கும். சீட்டின் தலைப்பில் கொம்பனியின் பெயரும் தெருவும் அச்சில் இருக்கும், திகதி பேனாவில் இருக்கும். புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவரின் பழைய கணக்குக் கட்டு கையில் கிடைத்தால், கோட்டையில் அவர் சரக்கு வாங்கிய இடங்களின் சீட்டுகள் அதற்குள் ஒன்றாகக் கட்டியிருக்கும். உறை விற்பவர் கேட்கும் விலையில் சிறு பங்குக்கு அந்தக் கட்டு முழுவதும் கிடைக்கும். குறை ஒன்று: துளைமேல் மைக்கோடு ஓடி எழுத்தை மறைக்கும். ஒரு சீட்டை மட்டும் நம்பி அடையாளம் எழுதவும் கூடாது. அதே துளை, அதே பெயர் என்று இரண்டாவது தாள் வரும்வரை நான் பென்சிலில்தான் குறித்துவைக்கிறேன்.

எழுத்தை வாசிக்கும் முறையிலும் போட்டி உண்டு. டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது வேகமானது, ஆனால் ஏமாற்றும்: தாளிலுள்ள கிரீடமும் சி ஏ எழுத்துகளும் கூடவே தெரியும். அது தாள் செய்யும்போதே பதிந்த நீர்க்குறி, கொம்பனி அல்ல. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது முத்திரைக்கு ஆகாது. தனி முத்திரையென்றால் பின்பக்கத்தை ஸ்கேனரில் வைத்து, மேலே கறுப்பு மட்டையை மூடி எடுப்பதே சிறந்தது. முகப்பின் நிறமும் சித்திரமும் குறுக்கே வராது, துளைகள் கறுப்பாக எழும். பிறகு படத்தை இடம்வலமாகத் திருப்பி, எழுத்தின் உயரத்தை மில்லிமீற்றரிலும் ஒவ்வோர் எழுத்துக்குமான துளைகளை எண்ணிக்கையிலும் எழுதிவைக்க வேண்டும். ஒரே எழுத்துகளைக் கொண்ட இரண்டு துளையிடும் அச்சுகளை இந்த எண்ணிக்கைதான் பிரித்துக்காட்டும். ஒரு துளை குறைந்தால் வேறு அச்சு என்று அவசரப்படாதீர்கள், ஊசி முறிந்திருக்கலாம்.

துளையால் ‘ஸ்பெசிமன்’ என்று எழுதிய இலங்கை முத்திரைகளும் உண்டு. 1920களின் கடைசியிலிருந்து 1948 வரை மாதிரிகளாக வழங்கப்பட்டவை அவை. கொம்பனிப் பக்கத்தில் வைக்கக்கூடாது. 1895 முதல் வந்த ‘ஒன் சேர்விஸ்’ முத்திரைகளில் துளையே இல்லை, அச்சு மட்டும்தான். அரச பாவனைக்குரிய அவற்றுக்கு வேறு பக்கம் வேண்டும்.

கட்டு ஒன்று கையில் வந்தால் முதலில் பிரிக்காமல் படம் எடுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் சீல் முழுதும் உள்ளே வரும்படி தாராளமாக இடம்விட்டு வெட்டி, உறையில் வாசித்த பெயரைத் துண்டின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். என் மூன்று முத்திரைகளுக்குக் கீழே அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.