இரண்டு தொன் செடான், எழுபது கிலோமீற்றர் வீதி

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்த பிறகு, திருகோணமலையில் பிஎம்டபிள்யூ எஃப்10 (பழைய 5 சீரிஸ்), மெர்சிடிஸ் டபிள்யூ212 (பழைய ஈ-கிளாஸ்) போன்ற கார்களை வைத்திருப்போரிடையே ஒரே பேச்சு: அடுத்தது சார்ஜ் செய்தும் பெற்றோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிடா, முழு மின்சாரமா, இல்லை பெற்றோலோடு நிற்பதா? எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் எடையில் வந்து நிற்கிறது.

எடையை ஒப்பிடும் முன் அது எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று பாருங்கள். ஜெர்மன் டிஐஎன் கணக்கில் ஓட்டுநர் சேர்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியக் கணக்கில் ஓட்டுநருக்கும் கைப்பொதிக்குமாக 75 கிலோ சேர்ந்திருக்கும். இரண்டையும் கலந்து பார்த்துவிட்டு "புது மொடல் 75 கிலோ கூடிவிட்டது" என்று முடிவுகட்டுவோர் பலர். ஒரே டிஐஎன் கணக்கில் பார்த்தால், எஃப்10-க்கு அடுத்து வந்த ஜி30 தலைமுறையின் பெற்றோல் 530ஐ 1,540 கிலோ, அதன் பிளக்-இன் தம்பி 530இ 1,770 கிலோ. வித்தியாசம் 230 கிலோ, அதாவது மூன்று பெரியவர்கள் எப்போதும் காருக்குள் இருப்பதுபோல. அடுத்த தலைமுறையில் பெற்றோல் 520ஐ ஐரோப்பியக் கணக்கில் 1,725 கிலோ, மின்சார ஐ5 இட்ரைவ்40 2,205 கிலோ. 5 சீரிஸின் வேகப் பதிப்பான புது எம்5 ஹைபிரிட் ஆனதும் 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது. ஆனாலும் புதுசென்றால் பாரம்தான் என்று சொல்லிவிட முடியாது. எஃப்10-ஐவிட ஜி30 100 கிலோ வரை குறைந்துதான் வந்தது. எடையை ஏற்றுவது பற்றரி, பெரிய சில்லு, கண்ணாடிக் கூரை, மின் இருக்கைகள் ஆகியவைதான்.

எல்லோரும் முதலில் கேட்பது எரிபொருள். அங்கேதான் பயம் அளவுக்கு மீறி இருக்கிறது. 230 கிலோ கூடுதலாக இருந்தால், சமதரையில் டயர் உருளும் தடை ஏறத்தாழ 23 நியூட்டன் கூடும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு 260 கிலோமீற்றர் அதை இழுக்க சில்லில் வேண்டியது 1.6 கிலோவாட் மணி. எஞ்சினின் திறன் நூற்றுக்கு 30 என்று வைத்தால் பெற்றோல் அரை லீற்றருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியில் 70-க்குள் சீராக ஓடும்போது எடை எரிபொருளைப் பெரிதாகத் தின்பதில்லை. தின்பது டயரையும் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களையும் பிரேக் தட்டுகளையும்.

டயரில் இருந்து வருவோம், இங்கே அதிகம் தவறு நடப்பது அதில்தான். டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்தான் சுமைக் குறியீடு. 225/55 ஆர்17 அளவில் 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும். 245/45 ஆர்18 அளவில் 96 என்றால் 710, கூடுதல் சுமைக்கான எக்ஸ்எல் எழுத்தோடு 100 என்றால் 800 கிலோ. அளவு ஒன்றே, தாங்கும் திறனில் 90 கிலோ வித்தியாசம். கடையில் அளவை மட்டும் சொல்லிக் கேட்டால் மலிவான 96-ஐத் தந்துவிடுவார்கள். 1,540 கிலோ காரில் அது பொருந்தலாம். ஹைபிரிட்டில் ஐந்து பேரும் பொதியும் ஏறினால் பின் டயர்கள் எல்லைக்கு மிக அருகே போய்விடும். பக்கச்சுவர் கூடுதலாக மடங்கும், மடங்கும் ரப்பர் சூடாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதிய நேரத் தார் வீதியின் வெக்கை அதோடு சேர்ந்தால் பக்கச்சுவரில் கொப்புளம் எழும். வண்டியோடு வந்த சுமைக் குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்க வேண்டாம். நாலு இலக்கத் திகதியையும் வாசியுங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

காற்றைக் காலையில், கார் ஓடுமுன் பாருங்கள். கதவுத் தூணில் உள்ள ஒட்டியில் ஆள் குறைவுக்கு ஒரு அளவும் முழுச் சுமைக்கு ஒரு அளவும் இருக்கும். கொழும்புக்குக் குடும்பத்தோடு போவதென்றால் இரண்டாவதுதான். மதியம் ஓடி வந்து பார்த்தால் 4, 5 பிஎஸ்ஐ கூடியிருக்கும், அதைத் திறந்துவிடக் கூடாது. திறந்துவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு ஓடுவீர்கள். பின் டயரைக் குனிந்து உள் விளிம்பில் கைவைத்துப் பாருங்கள். இந்தக் கார்களின் பின் சில்லுகள் மேற்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். வெளியே பூ நன்றாகத் தெரியும்போதே உள்ளே கம்பி தெரிந்துவிடும்.

ரன்ஃபிளாட் டயர் காற்றில்லாமல் 80 கிலோமீற்றர் வேகத்தில் 80 கிலோமீற்றர் தூரம் ஓடும் என்பது பொதுவான வரையறை. திருகோணமலையிலிருந்து ஹபரணைச் சந்தி ஏறத்தாழ 85 கிலோமீற்றர். இரவில் கந்தளாய் தாண்டிய காட்டுப் பகுதியில் டயர் போனால் அந்தத் தூரத்துக்குள் ஓர் ஊரை எட்டலாம், அதற்குமேல் நம்ப வேண்டாம். உபரிச் சில்லுக்கும் இடமில்லை: 530இ-யில் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே போனதால் பெற்றோல் தாங்கி பின் அச்சுக்கு மேலே நகர்ந்தது, டிக்கி 530 லீற்றரிலிருந்து 410 ஆகச் சுருங்கியது, தாங்கியும் 46 லீற்றர்தான். ஆகவே 12 வோல்ற் காற்றுப் பம்பும் ஓட்டை அடைக்கும் ரப்பர்த் திரிப் பெட்டியும் காரில் கட்டாயம் இருக்கட்டும். சாதாரண டயருக்கு மாறுவோர் பலர், பயணம் மிருதுவாகும், எடையும் குறையும். மாறினால் நாலையும் ஒன்றாக மாற்றுங்கள், சுமைக் குறியீட்டை விட்டுக்கொடுக்காமல்.

சில்லு அளவு பற்றி ஒரு வார்த்தை: 19, 20 அங்குலம் இந்த ஊருக்கு வேண்டாம். 17 அல்லது 18 போதும்.

பிரேக் விடயத்தில் ஹைபிரிட், மின்சாரக் கார்களின் குறை கடலோரத்தில்தான் வெளிப்படுகிறது. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டர் எடுத்துக்கொள்வதால் பிரேக் கட்டை நீண்ட காலம் வரும், உண்மை. ஆனால் தட்டு தேயாமல் கிடந்தால் துரு தங்கிவிடும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி பக்கம் இரவில் நிறுத்தும் காரில் பின் தட்டுகளின் உட்புறம் முதலில் குழிவிழும். வெளியே பளபளப்பாகத் தெரிவதை நம்பாதீர்கள், சில்லைக் கழற்றி உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை, பின்னால் வாகனம் இல்லாத நேராக ஓடும் வீதியில், 60-இலிருந்து 20 வரை ஐந்தாறு தடவை அழுத்தமாக மிதியுங்கள். டொயோட்டா ஹைபிரிட் போன்றவற்றில் நியூட்ரலில் மோட்டர் பிடிப்பு இராது, கட்டை மட்டுமே பிடிக்கும். அப்படிச் செய்தால் தட்டு இன்னும் நன்றாகத் துடைபடும். கார் கழுவியவுடன் ஹாண்ட் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு ஒரு கிழமை வெளியூர் போகாதீர்கள். முதலில் ஒரு சுற்று ஓடி, பிரேக் மிதித்துக் காயவிட்டு நிறுத்துங்கள்.

எடையும் வேகமும் சேரும் இடம் பிரேக்தான். 70-இல் ஓடும் 1,600 கிலோ காரை நிறுத்தத் தட்டுகள் விழுங்க வேண்டிய சக்தி 302 கிலோஜூல். 2,100 கிலோ என்றால் 397. டொட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில் கொதிக்கும், ஈரம் ஏறியதும் அந்த அளவு 155 வரை இறங்கலாம். துறைமுக நகரத்துக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதை இங்கே தள்ளிப்போடவே கூடாது.

இப்போது முன் சஸ்பென்ஷன். இந்த ஜெர்மன் செடான்களின் முன் அலுமினியக் கைகளில் ஒன்றில் எண்ணெய் நிரம்பிய ரப்பர் புஷ் இருக்கும். அதிர்வை விழுங்குவது அதன் வேலை. பாரமான கார் பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அந்த ரப்பர் கிழியப் பார்க்கும். கிழிந்தால் கறுத்த எண்ணெய்க் கசிவு தெரியும், 80-இலிருந்து பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். பலர் அதைத் தட்டு வளைந்ததாக நினைத்து நல்ல தட்டுகளைக் கடையச் சொல்கிறார்கள். முதலில் புஷ்ஷைப் பாருங்கள். மாற்றும்போது இடது வலது இரண்டையும் சேர்த்து மாற்றி, புதிய போல்ற் போட்டு, கடைசியில் வீல் எலைன்மன்ற் செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இறுதி இறுக்கம் கார் தன் சில்லில் நிற்கும் உயரத்தில் நடக்க வேண்டும். தூக்கியில் சில்லுகள் தொங்க இறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், சில மாதங்களில் மறுபடி கிழியும். "தம்பி, கீழ இறக்கிப்போட்டு இறுக்குங்கோ" என்ற ஒரு வார்த்தை ஒரு சோடி புஷ்ஷைக் காப்பாற்றும்.

காற்றுச் சஸ்பென்ஷன் உள்ள எஸ்-கிளாஸ், 7 சீரிஸ் வாங்க நினைப்போர் ஒரு சோதனையைச் செய்தே ஆக வேண்டும். மாலையில் சமதரையில் நிறுத்தி, நாலு சில்லிலும் நடுமூடியிலிருந்து மட்காட் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். மறுநாள் காலை, கதவைத் திறக்காமல் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இரண்டு சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் அந்தப் பை கசிகிறது. ரப்பர் மடியும் இடத்தில் சவர்க்கார நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கசிவை விட்டுவைத்தால் இழந்த காற்றை நிரப்ப கொம்பிரசர் ஓயாமல் ஓடி எரிந்துபோகும், அப்போது செலவு இரட்டிப்பு. கொம்பிரசர் மாற்றினால் அதற்கு மின் கொடுக்கும் ரிலேயையும் மாற்றுங்கள், ஒட்டிக்கொண்ட ரிலே புதியதையும் கொன்றுவிடும். நிலாவெளி மணலும் உப்பும் மடிப்புக்குள் தங்கி ரப்பரை அராவும், கழுவும்போது அங்கே நல்ல தண்ணீர் விடச் சொல்லுங்கள். இந்த ஊருக்கு ஸ்பிரிங்கோடு வரும் மின் ஷொக் அப்சோபரே போதும் என்பதுதான் எங்கள் துணிவான முடிவு.

பிளக்-இன் ஹைபிரிட் யாருக்குப் பொருந்தும்? உவர்மலையிலிருந்து நகருக்கும் உப்புவெளிக்கும் ஓடி, இரவில் வீட்டில் சார்ஜ் செய்பவருக்கு. 9.2 கிலோவாட் மணி பற்றரி கொண்ட ஆரம்ப 530இ ஏசியோடு 25 முதல் 35 கிலோமீற்றர் தரும். கொழும்புப் பயணத்தில் அது கந்தளாய் வருமுன்னரே தீர்ந்துவிடும். அதனால் புறப்படும்போதே சேமிப்பு முறையில் போட்டு, கொழும்பு நெரிசலில் மின்சாரத்தைச் செலவழியுங்கள். வீட்டில் 10 அம்பியரில் சார்ஜ் செய்ய நாலைந்து மணி நேரம் ஆகும். தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் வேண்டும், மல்டிபிளக் உருகும். கடற்கரை மணலில் உள்ள வீடுகளில் வெயில் காலத்தில் மணல் காய்ந்து எர்த் பலவீனமாகும், சார்ஜர் சிவப்பு காட்டி நின்றுவிடும். காரைக் குறை சொல்லுமுன் எர்த் கம்பியை மின்வேலைக்காரரிடம் அளக்கக் கொடுங்கள். பிஎம்டபிள்யூ பிளக்-இன்களில் பற்றரியைக் குளிர்விப்பதும் ஏசி காஸ்தான். ஏசி குளிர் குறைந்தால் அது வசதிக் குறைவு மட்டுமல்ல, பற்றரிக்கே ஆபத்து. உடனே கசிவு தேடுங்கள். டொயோட்டா கிரவுணில் பின் இருக்கைப் பக்கக் காற்றுத் துளையை மெத்தையோ பையோ மறைக்கக் கூடாது, விசிறி வடிகட்டியைச் சேர்விஸ் தோறும் துடைக்க வேண்டும்.

எடைக்குத் தகுந்த வேலை செய்யும் தொழில்நுட்பம் எது என்றால், நல்ல எல்இடி விளக்கைத்தான் முதலில் சொல்வோம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானையும், ஊருக்குள் மாடும் இருட்டில் நிற்கும். விலங்கை அடையாளம் காணும் இரவுப் பார்வைக் கமரா உள்ள பழைய 7 சீரிஸ் கிடைத்தால் அது வீண் செலவல்ல. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியை மாட்டுக்காக நம்ப வேண்டாம், பெரும்பாலும் அது வாகனத்துக்கும் மனிதருக்கும் பழக்கப்பட்டது. ரேடார் இருக்கும் முன் பம்பரில் உப்புப் படலம் படிந்தால் எச்சரிக்கை வரும். கணினி பூட்டிப் பார்க்குமுன் ஈரத்துணியால் துடையுங்கள்.

மின்சார செடானுக்குக் கொழும்பு எட்டாத தூரமல்ல. 82.5 கிலோவாட் மணி பற்றரியுள்ள பிவைடி சீல் 2,055 கிலோ, ஒரே சார்ஜில் இங்கிருந்து கொழும்பு போகும். அதன் பற்றரி இரும்பு பொஸ்பேற் வகை, கிழமைக்கு ஒருமுறை 100 வரை ஏற்றினால்தான் மீதி அளவைச் சரியாகக் காட்டும்.

எந்தக் காரானாலும் வாங்கிய பிறகு ஒருமுறை நெல் ஆலையில் லொறி நிறுக்கும் வே பிரிட்ஜில் ஏற்றுங்கள். முழுத் தாங்கி, முழுக் குடும்பம், பொதியோடு மொத்தமாக ஒரு தடவை, முன் சில்லு மட்டும் ஒரு தடவை, பின் சில்லு மட்டும் ஒரு தடவை. கதவுத் தூண் தகட்டில் உள்ள அச்சு வரம்போடு ஒப்பிட்டால், பின்னால் இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று தெரிந்துவிடும். பழுதான காரைத் தட்டில் ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லொறிக்காரரின் இலக்கத்தையும் அன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள். பிளக்-இன், மின்சாரக் கார்களைச் சில்லு வீதியில் உருளக் கயிறு கட்டி இழுத்தால் மோட்டர் மின்னை உண்டாக்கி இன்வெர்ட்டரைக் கெடுக்கலாம். டிக்கிக்குள் இருக்கும் கொக்கி லொறித் தட்டின் மேல் ஏற்றுவதற்கு மட்டுமே.