மதகுக் கட்டை வகுப்பும் மணி அடிக்கிற வகுப்பும்

பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு நல்லதா, பள்ளிக்கூடம் நல்லதா என்று கேட்டால், எனக்கு எங்கள் வாய்க்கால் மதகுதான் ஞாபகம் வரும். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில், கொரோனா காலத்தில் போனில் வகுப்பு நடந்தபோது பிள்ளைகளுக்கு வகுப்பறை அந்த மதகுதான். வீட்டுக்குள் டவர் எடுக்காது. மதகுக் கட்டையில் உட்கார்ந்தால் கொஞ்சம் கிடைக்கும். அக்கா மகள் அப்போது ஒன்பதாவது. வீட்டில் இருந்தது ஒரே போன். அறுப்பு மிஷின்காரருக்குப் பேச வேண்டிய நாளில் அதுவும் அத்தானோடு வயலுக்குப் போய்விடும். அன்றைக்கு அவளுக்கு வகுப்பு கிடையாது.

அதனால் ஆன்லைனே மோசம் என்று நான் சொல்லவரவில்லை. அவளே பன்னிரண்டாவது வந்தபோது இயற்பியல் பாடத்தை ராத்திரி போனில் நிறுத்தி நிறுத்தி, நாலு தடவை பார்த்துப் புரிந்துகொண்டாள். அறுபது பேர் உள்ள வகுப்பில் நாலாவது தடவை கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? கோச்சிங் என்றால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏற வேண்டியிருந்த ஊருக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் வேதியியல் செய்முறை? பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக விழ, கீழே குடுவையில் இருக்கும் நிறமில்லாத கரைசல் வெளிர் ரோஸாக மாறி அப்படியே நிற்கும். அந்தச் சொட்டோடு குழாயை மூட வேண்டும். ஒரு சொட்டு கூடினால் திரும்ப முதலிலிருந்து. வீடியோவில் எல்லாருக்கும் சரியாகவே வரும், கைக்குத்தான் வராது.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, பள்ளிக்கூடம்தான். ஒன்றிலிருந்து எட்டு வரை 2020 மார்ச்சில் மூடியது, 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. தம்பி மகன் ஒன்றாவதில் வீட்டுக்கு வந்தவன், மூன்றாவதில் திரும்பப் போனான். 'ண'வுக்கு எத்தனை சுழி என்று அவனுக்கு மறந்தே போயிருந்தது. கல்வித் தொலைக்காட்சி ஓடத்தான் செய்தது, அவன் பார்க்கவும் செய்தான். ஆனால் அவன் சுழியைத் தப்பாகப் போடுவது டிவிக்குத் தெரியாதே. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்து எழுதவைத்தபின் ஒரு மாதத்தில் சரியானது. அப்புறம் சாப்பாடு. நடவு, களைபறிப்பு என்று அம்மா விடியலில் கிளம்பிவிடுகிற வீட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுகிற காலை உணவு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 25-இல் அந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கியதே பக்கத்துத் திருக்குவளையில் வைத்துத்தான்.

"மழை லீவு விட்டால் ஆன்லைனில் நடத்தலாமே" என்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வந்து பார்க்கட்டும். காற்று அடித்தால் முதலில் போவது கரண்ட், பின்னாலேயே டவர். 2018 கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை.

எங்கள் வீட்டில் இப்போதைய ஏற்பாடு இதுதான்: பதினொன்றாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன். தம்பி மகனுக்குப் போன் கிடையாது. மணி அடிப்பதற்குள் சைக்கிளில் போய்விடுகிறான்.