கொம்பனி செட்டைக் கழற்றாமல் ஒரு சப்வூஃபர்: அக்வாவில் நீண்டகாலப் பயன்பாடு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து, கொழும்பில் ஜப்பானிய ரீகண்டிஷன் கார் வைத்திருந்த பலரைப் போல எங்கள் வீட்டிலும் புது வாகனம் பற்றிய பேச்சு ஓய்ந்து, இருப்பதைப் பேணும் எண்ணமே மிஞ்சியது. அந்த எண்ணத்தில்தான் 2021இல் எங்கள் டொயோட்டா அக்வா ஹைபிரிட் காரின் இடது முன் இருக்கையின் கீழ், தனக்குள்ளேயே அம்ப் (ஒலிபெருக்கி) கொண்ட எட்டு அங்குலத் தட்டை சப்வூஃபர் ஒன்றை, அதாவது அடியொலிக்கான ஸ்பீக்கர் பெட்டியை, பொருத்தினோம். ஒலிப்பெட்டி எப்படி ஒலிக்கிறது என்பதை எவரும் கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம். இத்தனை ஆண்டுகளில் நான் கண்டுகொண்டது என்னவென்றால், அது நிலைத்து உழைப்பதும் உழைக்காததும் பெரும்பாலும் அதன் வயர்களின் கையில்தான் இருக்கிறது.

காரோடு வந்த வானொலிப் பெட்டியான கொம்பனி செட்டை மாற்றியிருந்தால் வேலை இலகுவாகியிருக்கும். ஆனால் ரிவர்ஸ் கமராவும் ஸ்டியரிங் பொத்தான்களும் அதனோடு பிணைந்திருந்தன. அந்த ஜப்பானிய வானொலி 90 மெகாஹேர்ட்ஸுடன் நின்றுவிடுவதால், அதற்கு மேலுள்ள அலைவரிசைகளைக் கேட்க அன்டெனாவில் செருகியிருந்த பாண்ட் எக்ஸ்பாண்டரும் சரியாகவே வேலை செய்தது. ஆகவே செட் இருந்த இடத்திலேயே இருக்க, சப்வூஃபரை அதற்கு இசைவாக இணைக்க வேண்டியதாயிற்று.

அந்தச் செட்டில் அம்புக்கென்று தனியான ஆர்சிஏ வெளியீடு (மெல்லிய ஒலிச் சைகை தரும் சொக்கெட்) கிடையாது. எனவே ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையே கிளைபிரித்து, சப்வூஃபரின் ‘ஹை லெவல்’ உள்ளீட்டுக்குக் கொடுத்தோம். டொயோட்டா செட்டின் பின்புறத்தில் வழமையாக இரண்டு சொக்கெட்டுகள் இருக்கும். பத்து முனை கொண்டதில் மின்சாரமும் முன் ஸ்பீக்கர்களும், ஆறு முனை கொண்டதில் பின் ஸ்பீக்கர்களும் வரும். பின் இடதுக்குக் கறுப்பும் மஞ்சளும், பின் வலதுக்குச் சிவப்பும் வெள்ளையும் என்பது வழமையான நிற ஒழுங்கு. ஆனாலும் ஒவ்வொரு வயரையும் மீற்றர் வைத்துச் சரிபார்த்த பின்பே தொடுவது நல்லது. வயரிங் பாஸ் ஒருவர் வயரின் தோலை உரித்து, முறுக்கி, ஒட்டும் ரேப் (டேப்) சுற்றித் தருவதாகச் சொன்னார். கொழும்பு வெயிலில் நிற்கும் காருக்குள் ரேப்பின் பசை இளகி வழிவதைப் பலமுறை பார்த்திருப்பதால் அதற்கு நான் சம்மதிக்கவில்லை. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதே சொக்கெட்டின் ஆண், பெண் சோடியை வாங்கி, நடுவே ஈயம் பற்றவைத்துக் கிளையெடுத்து, ஓர் இடை வயர்த்தொகுதி செய்வித்தோம். காரின் சொந்த வயர் ஒன்றுகூட வெட்டப்படவில்லை. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டு, பழைய காரை விற்பது பற்றி யோசிக்கலாம் என்ற நிலை வந்தபோது, இதைக் கழற்றினால் கார் பழையபடியே இருக்கும் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

செட்டின் ஸ்பீக்கர் வயர் இரண்டில் எதுவும் ஏர்த் (காரின் உடலோடு சேரும் மறை இணைப்பு) அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டும் பற்றரி மின்னழுத்தத்தின் பாதியளவில், அதாவது ஆறு, ஏழு வோல்ட்டில் நிற்கின்றன. இவற்றில் ஒன்றை நேரடியாக, ஏர்த்தோடு சேர்ந்திருக்கும் ஆர்சிஏ வயரின் வெளிப்பின்னலுடன் தொடுத்தால் செட்டின் வெளியீட்டு ஐசி (சில்லு) கருகிவிடலாம். அதே அரைப்பங்கு மின்னழுத்தத்தை உணர்ந்து தானாகவே இயங்கத் தொடங்கும் சப்வூஃபர்களும் உண்டு. ஒலியை உணர்ந்து இயங்கும் வகையோ, மெதுவான செய்தி வாசிப்பின்போது உறங்கிவிடும். நாங்கள் சாவியின் ‘ஏசிசி’ நிலையில் உயிர்பெறும் சாம்பல் நிற வயரிலிருந்து, அம்பை இயக்கி நிறுத்தும் ரிமோட் இணைப்பை எடுத்தோம். இதுவரை அதில் ஒரு தொல்லையும் இல்லை.

அக்வாவின் 12 வோல்ட் பற்றரி பின் இருக்கையின் கீழ் இருப்பதால் எஞ்சின் அறைச் சுவரைத் துளைக்கும் வேலை மிச்சமாகிறது. ஆனால் ஹைபிரிட் பற்றரியும் அங்கேதான் இருக்கிறது. செம்மஞ்சள் நிற உறையிட்ட வயர் எதுவாயினும் அதில் கை வைக்கக்கூடாது. பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தை வயரோ பெட்டியோ கால்விரிப்போ மறைக்கவும் கூடாது. 120 வாட் உண்மையான திறனுள்ள அம்ப் 80 சதவீதத் திறமையுடன் இயங்கினால் ஏறத்தாழ 11 அம்பியர் இழுக்கும் என்று கணக்கிட்டு, பற்றரியின் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ் வைத்தோம். பியூஸ் காப்பது அம்பை அல்ல, வயரை. அதை அம்பின் பக்கத்தில் மட்டும் வைத்தால், இடைவழியில் வயர் உரசி உடலைத் தொடும்போது அது எதையும் தடுக்காது.

இந்தக் காலத்தில் வந்த ஒரே உண்மையான கோளாறு ஏர்த்தில்தான். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு மிக அருகில் கார் நிற்கிறது. இரண்டாவது பருவமழைக் காலத்துக்குப் பின், பலத்த தாளம் விழும்போதெல்லாம் ஒலி ஒரு கணம் அறுந்தது. எல்லோரும் அம்ப் பழுது என்றார்கள். பாட்டு ஓடும்போதே பற்றரியின் மறை முனைக்கும் அம்பின் ஏர்த் முனைக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்தோம். பூச்சியத்தை ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் முழு வோல்ட்டுக்கு அருகில் ஏறி இறங்கியது. ஏர்த் வயரைப் பொருத்துவதற்காகப் பெயின்ற் சுரண்டிய இடத்தை உப்புக்காற்று அரித்திருந்தது. சுரண்டி, நட்சத்திர வொஷர் போட்டு, இறுக்கிய பின் மேலே கிறீஸ் பூசியதும் ஒலி சீரானது. கடலோர வாசிகள் ஆண்டுக்கொரு தடவை இந்த அளவீட்டைச் செய்துகொள்வது நல்லது. ஏர்த்துக்காக இருக்கைப் பட்டியின் போல்ட்டை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

அக்வா ஹைபிரிட்டில் அல்டர்னேட்டர் இல்லாததால், மற்றக் கார்களில் அக்சிலரேட்டரோடு கூடவே உயரும் அந்தக் கீச்சொலி இங்கே கேட்கவில்லை. ஆனால் ‘ரெடி’ விளக்கு எரியாமல் ஏசிசியில் மட்டும் பாட்டுக் கேட்டால் சிறிய 12 வோல்ட் பற்றரி விரைவில் இறங்கிவிடும். பாடசாலை விடும் நேரத்தில் காத்திருக்கும் பெற்றோர் ரெடி நிலையிலேயே கேட்கட்டும்.

ஒலியைப் பொறுத்தவரை, சப்வூஃபருக்கு அடியொலியை மட்டும் விடும் வடிகட்டியை 80 ஹேர்ட்ஸ் அளவில் வைத்து, ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ஆளியை மாற்றி மாற்றிக் கேட்டோம். தவிலின் தொப்பிப் பக்கம் எந்த நிலையில் பருத்து ஒலித்ததோ அதையே நிலைநிறுத்தினோம். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பதிவில் இல்லாத அடியொலியை எந்தப் பெட்டியும் பிறப்பிக்காது. புதிய பதிவுகளில் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிகிறது. கிளை பின் ஸ்பீக்கரிலிருந்து எடுக்கப்பட்டதால், முன், பின் ஒலியளவைப் பங்கிடும் செட்டின் ஃபேடரே சப்வூஃபரின் கட்டுப்பாடாகவும் பயன்படுகிறது. பிற்பாடு முன் கதவு ஸ்பீக்கர்களுக்குத் துருவமற்ற 400 மைக்ரோஃபரட் கொண்டென்சர் தொடராக இட்டோம். நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு அது 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைப்பதால் கதவுத் தகடுகளின் நடுக்கம் அடங்கியது. செலவுக்கு ஈடாகப் பார்த்தால் இதுவே எனக்கு மிகவும் பிடித்த மாற்றம்.

குறைகளும் உண்டு. பல கொம்பனி செட்டுகளைப் போல இதுவும், சத்தத்தைக் கூட்டக் கூட்ட, சிறிய ஸ்பீக்கர்களைக் காக்க அடியொலியைத் தானே குறைத்துவிடுகிறது; அதை மீட்கத் தனியாக ஒரு டிஎஸ்பி (ஒலியைச் சீர்செய்யும் டிஜிட்டல் கருவி) வேண்டும். மிதமான சத்தத்தில் கேட்கும் எங்களுக்கு அது அவசியமாகத் தோன்றவில்லை. 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே இந்தத் தட்டைப் பெட்டி இறங்காது என்பதால், அதை விரும்புவோர் டிக்கியில் பெரிய பெட்டி வைத்துச் சாமான் இடத்தை இழக்கத்தான் வேண்டும். மழைக்காலத்தில் வீதி வெள்ளம் கார் தரை வரை வரக்கூடும் என்று பயந்து, பெட்டியை விரிப்பின் மேல் நேரடியாக வைக்காமல் இரண்டு சிறிய தாங்கிகளில் உயர்த்தியிருக்கிறோம். அதனால் இருக்கையை மிகத் தாழ்த்தினால் பெட்டியில் முட்டும். உயரமானவர்கள் பின் இருக்கைக்கு மாறிக்கொள்கிறார்கள்.