ஒகேனக்கல் போகலாமா? கன அடிக் கணக்கை நம்பிய அனுபவம்

சேலத்தில் வீடு இருப்பதால், வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அடுத்த நாளே கேட்பது ஒகேனக்கல்தான். பல வருடங்களாக அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். கிளம்பும் முன் காவிரி நீர்வரத்தைப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைச் சொல்கிறேன்.

கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் வரத்தை அளக்கிறது. காலைச் செய்தியில் 'ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு 8,000 கன அடி' என்று வருமே, அதற்கு ஆதாரம் அந்த அளவீடுதான். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பத்தொன்பது ஒரே நொடியில் கவிழ்ந்தால் எவ்வளவோ, 8,000 கன அடி அவ்வளவு.

என் சொந்தத் தரவரிசை இது. வரத்து ஆயிரம், இரண்டாயிரத்தில் இருந்தால் பாறைகள் எல்லாம் வெளியே தெரியும், ஐந்தருவி மெலிந்துபோயிருக்கும், தேங்கின இடங்களில் பாசி வழுக்கும். அருவி பார்க்க ஆசையாக வருபவர்களை அப்போது கூட்டிப்போக மாட்டேன். ஐந்தாயிரம் முதல் எட்டாயிரம் வரை அருமையான நேரம்: மெயின் அருவியில் குளிக்கலாம், சின்னாறு பரிசல் துறையிலிருந்து பரிசலும் நன்றாகப் போகும். பத்தாயிரத்தைத் தாண்டினால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு வேண்டாம் என்பேன். இன்னும் ஏறினால் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகமே தடை போட்டுவிடும். எந்த அளவில் தடை என்பது ஒரே மாதிரி இருப்பதில்லை, ஆட்சியர் அன்றைய நிலவரம் பார்த்து முடிவெடுப்பார்.

ஆனால் அன்றைய எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். இறங்கி வரும் எட்டாயிரத்தில் தண்ணீர் ஓரளவு தெளிந்திருக்கும். ஏறி வரும் எட்டாயிரம் செந்நிறமாக, சருகும் நுரையுமாக வரும். பரிசல் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் ஒருமுறை "தண்ணி எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன். அவர் போனைப் பார்க்கவில்லை. எதிர்க்கரைப் பாறையைக் காட்டினார். பாறையில் ஈரக்கோடு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தெரிந்தது. "இறங்குது சார். அந்தக் கோடு தண்ணிக்குள்ள முங்கிப் போச்சுன்னா நாங்களே துடுப்பை வெச்சிடுவோம்" என்றார். அதிலிருந்து நானும் அங்கே போனதும் முதலில் பாறையைத்தான் பார்க்கிறேன்.

ஏறுமா இறங்குமா என்பதை வீட்டிலிருந்தே அனுமானிக்க கர்நாடகத்தின் இரண்டு அணைகளைப் பார்த்தால் போதும். கிருஷ்ணராஜ சாகர் (கேஆர்எஸ்) முழு மட்டம் 124.80 அடி, கொள்ளளவு கிட்டத்தட்ட 49 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). கபினி 19.5 டிஎம்சிதான், சின்ன அணை. வயநாட்டில் மழை பிடித்தால் கபினி சீக்கிரம் நிரம்பிவிடும், அப்புறம் வருவதை அப்படியே திறந்துவிடுவார்கள். கேஆர்எஸ் 100 அடியில் இருக்கும்போது குடகில் எவ்வளவு மழை பெய்தாலும் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். அதுவே 123, 124 அடியைத் தொட்டுவிட்டால் ஒகேனக்கல்லில் ரூம் போடாதீர்கள். அங்கே திறக்கும் தண்ணீர் ஒகேனக்கல் வந்து சேர இரண்டு நாள் பக்கம் ஆகும். அந்த இரண்டு நாள் அவகாசம்தான் இந்த முறையின் பெரிய பலம்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. அணைகளுக்குக் கீழே பெய்யும் மழையை எந்த மதகும் தடுக்காது. சிம்ஷா, அர்க்காவதி வழியாகவும், நம் பக்கம் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ராசிமணல் காட்டுப் பகுதிகளில் பெய்தும் ஒரே இரவில் வரத்து கூடிவிடும். செப்டம்பர், அக்டோபரில் அணை நிலவரத்தோடு ராத்திரி மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மத்திய நீர்வள ஆணையம் 2023 ஆகஸ்டில் 'ஃபிளட்வாட்ச் இந்தியா' என்ற செயலியை வெளியிட்டது. ஆற்று நீர்மட்டம் ஏறுமுகமா இறங்குமுகமா என்று அறிய நல்ல கருவி, அதனால் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் மட்டம் மீட்டரில் இருக்கும், நாமோ கன அடியில் பேசிப் பழகியவர்கள். அதன் வண்ணங்களும் வெள்ள அபாயத்துக்கானவை. பச்சை என்றால் கரையோர ஊருக்கு ஆபத்தில்லை என்று பொருள், அருவியில் குளிக்கலாம் என்று பொருளில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் பச்சையை நம்பி யாரும் பிள்ளைகளை இறக்கிவிடக் கூடாது.

தண்ணீரின் சுத்தம் பற்றியும் இந்த எண்கள் வாய் திறப்பதில்லை. குளிக்கும் நீரில் மலக் கோலிஃபார்ம் (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) 100 மில்லிலிட்டருக்கு 500க்குள் இருப்பது நல்லது, 2,500ஐத் தாண்டவே கூடாது என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அளவுகோல் வைத்திருக்கிறது. அந்த அளவு அன்றன்று காலையில் நம் கைக்கு வருவதில்லை. அதனால் கோடையில் வரத்து குறைந்து நுரை கட்டி நிற்கும்போது குளிக்காமல், மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம்.

மேட்டூர் கதை வேறு. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நிரம்பினால் உபரிநீர் போகும் பதினாறு கண் மதகைப் பார்க்கக் கூட்டம் கூடும். அதே ஏரி எழுபது, எண்பது அடிக்குள் இறங்கினால் பண்ணவாடி பக்கம் மூழ்கிக் கிடந்த நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். அதைப் பார்ப்பதற்கென்றே போகலாம். ஒரே நீர்மட்டத்துக்கு எல்லோரும் ஒரே மதிப்பெண் கொடுக்க முடியாது.

இந்த முறையைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துச் சென்றது. அங்கே மேலே அணை இல்லை, மலையில் பெய்த மழை நிமிடங்களில் கீழே வந்துவிடும். மலை உச்சியில் மேகம் கறுத்தாலே வெளியேறிவிடுங்கள்.

எனக்கு இருக்கும் பெரிய கவலை ஆடிப்பெருக்கு. ஆற்றில் தண்ணீர் அதிகம் வரும் காலமும் கரையில் கூட்டம் அதிகம் கூடும் நாளும் ஒன்றாகச் சேர்கின்றன. 2024இல் அந்தச் சமயத்தில் வரத்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் போனது. புதுத்தாலி மாற்றவும் முளைப்பாரி விடவும் வந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த எண் தெரிந்திருக்கும்? பென்னாகரம் பேருந்து நிலையத்தில் ஒரு பெரிய பலகை வைத்து, இன்றைய வரத்து, நேற்றைய வரத்து, கேஆர்எஸ் மட்டம், குளிக்கத் தடை உண்டா இல்லையா என்று தினமும் காலை ஆறு மணிக்கு எழுதினால் போதும். போன் இல்லாத பாட்டிகூட அங்கேயே இறங்கி, மேலே போகலாமா திரும்பலாமா என்று முடிவு செய்துகொள்வார்.